சார்கோகிளைக்கன் தசை நலிவு

சார்கோகிளைக்கன் தசை நலிவு என்பது இடுப்பையும் தோளையும் முதலில் தாக்கும் பரம்பரை நோய். அல்பா, பீற்றா, காமா, டெல்ட்டா எனும் நான்கு சார்கோகிளைக்கன் புரதங்கள் தசைநாரின் மென்சவ்வில் கூட்டாக நின்று, தசை சுருங்கும்போது அது கிழியாமல் காக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றவையும் குன்றும். பிள்ளை படியேறத் தடுமாறும். தொடையில் கையூன்றித்தான் தரையிலிருந்து எழும்பும்.

அல்பா வகைக்குரிய மரபணு 1994இல் இனங்காணப்பட்டது. அதில் அதிகம் காணப்படும் பிறழ்வு, புரதத்தின் 77ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் அமைவது. இந்தப் பிறழ்விலும் புரதம் உண்டாகிறது, மடிப்புத்தான் பிழைக்கிறது. கலத்தில் புரதங்கள் மடியும் இடமான அகமுதலுருச் சிறுவலையின் தரக்கட்டுப்பாடு அந்தப் பிழையைக் கண்டு, யுபிகுயிட்டின் எனும் அழிப்பு முத்திரையிட்டு, புரதங்களைச் சிதைக்கும் புரொட்டியசோமில் அழித்துவிடுகிறது. ஆய்வுக்கூடக் கலங்களில் இந்த அழிப்பைத் தடுத்தபோது புரதம் மென்சவ்வை அடைந்தது. பயன்படக்கூடிய புரதத்தையே கலம் தள்ளிவிடுகிறது என்பதுதான் இந்நோயின் பெருந்துயரம். மருந்துக்கான நம்பிக்கையும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் சிஸ்டீன் புகுத்தப்பட்ட சுண்டெலிகளுக்கு நோய் வரவில்லை. அதனால் விலங்கில் மருந்தைச் சோதிப்பது கடினமாயிற்று.

பிழையாக மடிந்த புரதங்கள் சிறுவலையில் தேங்கினால் கலம் நெருக்கடிக்குள்ளாகும். பேர்க், ஐஆர்ஈ1, ஏரிஎஃப்6 எனும் மூன்று உணரிகள் விழித்து, புதிய புரத உற்பத்தியைக் குறைத்து, மடிப்புக்கு உதவும் புரதங்களைக் கூட்டும். நெருக்கடி நீடித்தால் இதே ஏற்பாடு கலத்தைச் சாவுக்குத் தள்ளும்.

தாய், தகப்பன் இருவரும் பிறழ்வைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் மச்சான், மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் வழக்கம் உண்டு. அத்தகைய குடும்பங்களில் இருவரும் ஒரே பிறழ்வைச் சுமக்கும் சாத்தியம் கூடும். டுஷேன் எனும் இன்னொரு தசை நலிவு நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வரும். இதுவோ இருபாலாரையும் ஒரே அளவில் தாக்கும். எனவே ஒரு சிறுமிக்கு டுஷேன் போன்ற நலிவு தென்பட்டால் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்டி தேசிய வைத்தியசாலையும், 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடமும் இப்பகுதியின் முதன்மை மருத்துவ நிலையங்கள். நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. உடற்பயிற்சிச் சிகிச்சையும் இருதய, சுவாசக் கண்காணிப்புமே கைகொடுக்கின்றன. அடிக்கடி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். தசைச் சேதத்தைக் காட்டும் கிரியற்றீன் கைனேசு இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.