மறைந்துபோகாத மாயா மக்கள்

சிச்சென் இட்சாவை ஐம்பது டொலருக்குக் குறைந்த செலவில் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அது. ரொறன்ரோக் குளிரிலிருந்து தப்புவதற்காக என் மருமகன் என்னையும் மெக்சிக்கோவின் கன்கூனுக்கு அழைத்துச் சென்றிருந்தான். மூன்று நாள் கடற்கரையில் கிடந்ததில் எனக்கு அலுத்துவிட்டது. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகைக் கந்தோரில் கழித்தவனுக்குச் சும்மா இருப்பது இலகுவான காரியமல்ல.

மலிவுச் சுற்றுலாக்களின் இலக்கணம் உலகெங்கும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு ஏற்றினார்கள். விடுதி விடுதியாக ஆட்களைப் பொறுக்கி, வேறொரு பஸ்ஸுக்கு மாற்றி, உண்மையில் புறப்பட்டபோது ஒன்பது மணியாகிவிட்டது. நுழைவுக் கட்டணம் தனி என்ற செய்தி பஸ் ஓடத் தொடங்கிய பின்னரே அறிவிக்கப்பட்டது. மாநில அரசுக்கு ஒன்று, மத்திய அரசின் தொல்பொருள் நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டும் சேர்ந்து 600 பெசோவுக்கு மேல். வழியில் ஒரு நினைவுப்பொருட் கடையில் முக்கால் மணித்தியாலம் நிறுத்தினார்கள். இலாபமாகக் கிடைத்தது ஒன்றே: கன்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்திலிருந்து யுகாட்டான் மாநிலத்துக்குள் நுழையும்போது கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.

எங்கள் வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி நகைச்சுவை சொன்னார். மாயா மக்கள் பூச்சியத்தைக் கண்டவர்கள், வெள்ளிக் கோளின் ஓட்டத்தைக் கணித்தவர்கள் என்றெல்லாம் விவரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பின்னர் ஒருநாள் அவர்கள் மறைந்துபோனார்கள். எங்கே போனார்கள் என்பது இன்றுவரை மர்மம்." பஸ்ஸில் இருந்தவர்கள் மௌனமாகத் தலையசைத்தார்கள். அவருக்கு முன்னால் இருந்த சாரதி, தொண்டையில் சற்றே தடைபட்டு ஒலிக்கும் ஒரு மொழியில் யாருடனோ கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அது ஸ்பானியம் அல்ல என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

மருமகன் என் பக்கம் சாய்ந்தான். "மாமா, இதெல்லாம் கட்டினது எங்கட மயன் எண்டு சொல்லுறாங்களே, உண்மையோ?"

அவனைக் குறை சொல்வதற்கில்லை. மகாபாரதத்தில் இந்திரப்பிரஸ்தத்தின் சபா மண்டபத்தை அமைத்தவன் மயன். சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் அப்பெயர் வருகிறது. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதியே, மாயா கட்டடங்களுக்கும் நமது சிற்பநூல் மரபுக்கும் தொடர்புண்டு என்று வாதிட்டவர். அவருடைய கைத்திறனுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆயினும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை நிலத்தில் நின்றே சொல்வது நல்லது என்று எண்ணி, "இறங்கினாப் பிறகு கதைப்பம்" என்றேன்.

குகுல்கான் என்னும் இறகுடைய நாகத்துக்கு எழுப்பப்பட்ட பிரமிட், படங்களிற் பார்த்துப் பழகிய கண்களையும் ஒரு கணம் நிறுத்திவிடுகிறது. ஒன்பது அடுக்குகள். உச்சியிலுள்ள கோயிலையும் சேர்த்து ஏறத்தாழ 30 மீற்றர் உயரம். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், மேல்மேடையையும் கூட்டினால் 365. சம இரவு நாட்களின் மாலையில் அடுக்குகளின் நிழல் படிக்கட்டின் ஓரத்தில் முக்கோணங்களாக விழுந்து, அடியிலுள்ள பாம்புத் தலையோடு இணைகிறது. இதற்குள் பழைய பிரமிட் ஒன்று இருப்பதும், அதனுள் பச்சைக் கற்கள் பதித்த சிவப்பு நிற ஜகுவார் ஆசனம் இருப்பதும் 1930களில் தெரியவந்தன. அதற்கும் உள்ளே இன்னொன்று இருப்பதாக 2016 இல் அறிவித்தார்கள். 2006 ஆம் ஆண்டுமுதல் ஏறுவதற்கு அனுமதியில்லை. என் முழங்கால்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

இவ்வளவையும் செய்தவர்களிடம் இரும்பு இல்லை. பாரம் இழுக்க எருதோ குதிரையோ இல்லை. வண்டிச் சக்கரம் இல்லை. கல்லைக் கல்லாலேயே செதுக்கி, மனிதத் தோளிற் சுமந்து, சுண்ணாம்பு நீற்றிக் கட்டினார்கள். மருமகனிடம் நான் கேட்டது இதுதான்: நமது தச்சன் ஒருவன் கடல் கடந்து வந்து இவர்களுக்குக் கற்பித்திருந்தால் உளியை மட்டும் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருப்பானா? நெல்லை மறந்திருப்பானா? இங்கே உணவு சோளம், எண்ணுவது இருபதின் அடுக்குகளில், பேசுவது தமிழோடு எவ்வித உறவுமில்லாத மொழிக்குடும்பம். ஒரு பெயரின் ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது. அப்பெயரும் யுகாட்டானிலிருந்த மாயபான் என்ற நகரோடு தொடர்புடையது.

அவன் சிரித்துவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டான். எனக்கோ சினம் ஆறவில்லை. இந்த மக்களின் கட்டடத்துக்கு உரிமைப்பத்திரம் எழுதிக்கொள்ள முயன்ற முதல் ஆட்கள் நாங்கள் அல்லர். எகிப்தியர் வந்தார்கள், இஸ்ரவேலின் தொலைந்த கோத்திரத்தார் வந்தார்கள், அத்லாந்திஸ் தீவினர் வந்தார்கள் என்று ஐரோப்பியர் எழுதிக் குவித்தார்கள். 1842 இல் ஓவியர் பிரெடெரிக் கதர்வூட்டுடன் இங்கு வந்த அமெரிக்கப் பிரயாணி ஜோன் லோயிட் ஸ்டீபன்ஸ்தான் அக்காலத்தில் நேரான கண்ணோடு பார்த்தவர். இடிபாடுகளைக் கட்டியவர்கள் இங்கேயே வாழும் சுதேசிகளின் மூதாதையரே என்று அவர் எழுதினார். நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் எங்கள் பஸ்ஸுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

'சிச்சென் இட்சா' என்றால் இட்சா மக்களின் கிணற்று வாய் என்று பொருள். வட யுகாட்டானில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல் கரைந்து இடிந்து உண்டான செனோட்டே எனப்படும் பெருங்கிணறுகளே உயிர்நீர் தருபவை. இது கேட்டவுடன் யாழ்ப்பாணத்தவன் எவனுக்கும் புத்தூர் நிலாவரைக் கிணறு நினைவுக்கு வராமற் போகாது. நிலத்தின் குணம் ஒன்று, அவ்வளவே. அதிலிருந்தும் உறவு கொண்டாடிவிடாதிருப்போமாக.

பிரமிட்டிலிருந்து வடக்கே நடந்தால் ஏறத்தாழ 60 மீற்றர் அகலமான புனிதக் கிணறு வருகிறது. நீர் பாசிப் பச்சையாய்க் கீழே கிடக்கிறது. "அழகிய கன்னிப் பெண்களை இதற்குள் தள்ளிப் பலியிட்டார்கள்" என்றார் வழிகாட்டி. எட்வர்ட் ஹேர்பேர்ட் தொம்சன் என்னும் அமெரிக்கத் துணைத்தூதர் இந்த நிலத்தையே விலைக்கு வாங்கி, 1904 முதல் கிணற்றைத் தூர்வாரிப் பொன்னும் பச்சைக்கல்லும் எலும்புகளும் எடுத்து, ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் பீபொடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஒரு பகுதி பிற்காலத்தில் மெக்சிக்கோவுக்குத் திரும்பியது. பிரமிட் நின்ற நிலமுங்கூட 2010 ஆம் ஆண்டில் யுகாட்டான் மாநில அரசு விலை கொடுத்து வாங்கும்வரை தனியார் ஒரு குடும்பத்தின் சொத்தாகவே இருந்தது என்பதை அறிந்தபோது வியந்துபோனேன்.

கன்னியர் கதைக்கு நான் திரும்பிவந்த சில மாதங்களில் ஒரு பதில் கிடைத்தது. இக்கிணற்றுக்கு அருகில் நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றில் 1967 இல் கண்டெடுக்கப்பட்ட எலும்புகளில் 64 பிள்ளைகளின் மரபணுவை ஆராய்ந்து, 2024 ஜூனில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அனைவரும் ஆண் பிள்ளைகள். பெரும்பாலோர் மூன்று முதல் ஆறு வயதினர். பலர் நெருங்கிய உறவினர்கள், இருவேறு இரட்டையர் சோடிகளும் அவர்களுள் இருந்தனர். பலி கொடுத்தது பொய்யல்ல, கொடியதுதான். ஆனால் அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. திஷ்காகல்துயுப் என்னும் அயற்கிராமத்தில் இன்று வாழும் மாயா மக்களின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். தொடர்ச்சி அறுபடவில்லை.

ஆக, யார் மறைந்தது? தெற்கே குவாத்தமாலாக் காட்டிலிருந்த பெருநகரங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது உண்மை. நீண்ட வரட்சி ஒரு காரணம் என்பதற்கு, யுகாட்டானின் சிச்சன்கனாப் ஏரியின் அடிச் சேற்றில் 1995 இல் சான்று கண்டார்கள். போரும் அரச குலங்களின் சரிவும் சேர்ந்துகொண்டன. ஆனால் அதே காலத்திற்றான் வடக்கே சிச்சென் இட்சா எழுந்தது. அது தளர்ந்தபின் மாயபான் தலையெடுத்தது. இட்சா மக்களின் கடைசி அரசு ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1697 இல். நகரங்கள் வீழ்ந்தன, அரசுகள் வீழ்ந்தன, மக்கள் வயலுக்குப் போய்ச் சோளம் விதைத்தார்கள்.

மதியச் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு முதிய பெண்மணி சோள மாவைத் தட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சாரதி அவரோடு காலையில் கேட்ட அதே மொழியிற் பேசினார். என்ன மொழி என்று சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாகக் கேட்டேன். "மாயா" என்றார் சாதாரணமாக. யுகாட்டான் தீபகற்பத்தில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் பேசும் மொழி அது. அதன் உறவு மொழிகள் மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலுமாகச் சுமார் முப்பது வழங்குகின்றன.

வழிகாட்டியிடம் சென்று, "மறைந்துபோனவர்கள் அங்கே ரொட்டி சுடுகிறார்கள்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. தம் பாட்டியும் அதைத்தான் பேசினார் என்றார். தமக்குக் கேட்டால் விளங்கும், திருப்பிப் பேச வராது. பாடசாலையில் அடி விழுமென்று தாயார் வீட்டில் பேசாமல் விட்டுவிட்டாராம். "மர்மம் என்று சொன்னால் ஐயா, சன்மானம் கூடக் கிடைக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். என் பக்கத்தில் நின்ற மருமகன் தரையைப் பார்த்தான். அவனுடைய பிள்ளைகளும் கேட்டால் விளங்கும், பேச வராது என்ற வகையினர்.

எங்கள் பிரயாணத் திட்டத்தில் மானி என்னும் சிற்றூர் இருக்கவில்லை. இங்கிருந்து தென்மேற்கே உள்ளது. 1562 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் திகதி அங்கேதான் பிரான்சிஸ்கன் துறவி டியேகோ டி லண்டா, ஆயிரக்கணக்கான தெய்வ உருவங்களையும் மாயா எழுத்துச் சுவடிகளையும் குவித்து எரித்தார். 27 சுவடிகள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதையொட்டிய மூன்று மாத விசாரணையில் 4,500க்கும் மேற்பட்டோர் சித்திரவதைக்கு உள்ளானதாகவும், 158 பேர் அதனால் இறந்ததாகவும் பின்னர் பதிவு செய்யப்பட்டது. சுவடிகள் எரிந்தபோது மக்கள் எவ்வளவு துயருற்றார்கள் என்பதை லண்டாவே சற்று வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தின் சாம்பலைப் பார்த்தவனுக்கு அதில் வியக்க எதுவுமில்லை.

உலகில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு சுவடிகள் மட்டுமே. மூன்று டிரெஸ்டன், மட்ரிட், பாரிஸ் நகரங்களில். நான்காவது மெக்சிக்கோ நகரில். அது உண்மையானதே என்பது 2018 இல்தான் முடிவாயிற்று. டிரெஸ்டன் சுவடியில் வெள்ளிக் கோளின் 584 நாட் சுழற்சி, 65 சுற்றுக்களாக, 104 ஆண்டுகளுக்குக் கணிக்கப்பட்டிருக்கிறது.

வரலாறு சில வேளைகளில் நையாண்டி செய்யும். ஸ்பெயினுக்கு அழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்ட லண்டா, 1566 அளவில் யுகாட்டானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஸ்பானிய எழுத்துக்களுக்கு நேரே மாயா எழுத்துக்களைக் குறித்து வைத்தார். பின்பு குற்றமற்றவராகி, 1573 இல் அதே யுகாட்டானுக்கு ஆயராகத் திரும்பினார். அவருடைய நூலின் பிரதி 1862 இல் மட்ரிட்டில் அகப்பட்டது. அந்தக் குறிப்பை வைத்துத்தான், மாயா நாட்டைக் கண்ணாலும் பார்த்திராத சோவியத் அறிஞர் யூரி குனோரோசோவ், அவ்வெழுத்துக்கள் ஒலிகளைக் குறிப்பவை என்று 1952 இல் காட்டினார். எரித்தவனின் குறிப்பேடு எரிந்ததைப் படிக்கும் திறவுகோலாயிற்று. அதற்காக லண்டாவுக்கு நன்றி சொல்ல என்னால் இயலாது.

திரும்பும் வழியில் வயடோலிட் நகரில் அரை மணித்தியாலம். வழிகாட்டி தேவாலயத்தைக் காட்டி, படமெடுத்துவிட்டு ஐஸ்கிறீம் சாப்பிடச் சொன்னார். இந்நகரிலேதான் 1847 ஜூலை 26 இல் மனுவேல் அந்தோனியோ அய் என்ற மாயாத் தலைவரை ஸ்பானிய வழிவந்தோரின் அரசு கொன்றது. அதிலிருந்து மூண்ட போர் 1901 வரை நீடித்தது. அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் தீபகற்பத்தின் பெரும்பாகம் கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. பிடிபட்ட மாயாக்களைக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்கள். இரண்டு தரப்பிலும் நடந்த கொலைகளைப் படித்திருந்ததால் ஐஸ்கிறீம் எனக்கு இறங்கவில்லை.

பூங்கா மதிலோரம் வெள்ளைத் துணியில் பூ வேலை செய்த கைக்குட்டைகளை விற்றுக்கொண்டிருந்தார் ஒரு பெண். பேரப்பிள்ளைகளுக்கென்று ஆறு எடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக மடித்து என் கையில் வைத்தபடி எண்ணினார்: "ஹும்பேல், காபேல், ஓஷ்பேல், கம்பேல்." ஐந்தாவதை எடுத்தபோது "சிங்கோ" என்றார், ஆறாவதற்கு "செய்ஸ்". ஏன் ஸ்பானியத்துக்கு மாறினீர்கள் என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். நாலுக்கு மேல் தங்கள் மொழியில் இப்போது யாரும் எண்ணுவதில்லை என்றார். பஸ் ஹோர்ன் அடித்தது. மீதிச் சில்லறையை அவரிடமே விட்டுவிட்டு ஓடினோம்.