கட்டிகளின் உலகில் வெண்கலக் காலம்

மாந்த இனத்தின் நெடிய வரலாற்றைக் கல், வெண்கலம், இரும்பு என மூன்று காலங்களாகப் பகுத்துக் கற்பிப்பது பள்ளிகளில் நிலைபெற்றுவிட்ட மரபாகும். கோப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை ஒழுங்குபடுத்தும் பணியை ஏற்ற கிறிஸ்டியன் தோம்சன் என்பார், அவற்றைச் செய்பொருளின் அடிப்படையில் நிரல்படுத்தினார். 1836-இல் வெளிவந்த கையேட்டின் வழி அம்முறை உலகெங்கும் பரவியது. மாந்தன் கையாண்ட கருவியே அவன் வாழ்ந்த காலத்தைக் காட்டும் என்பது அதன் உட்கிடை.

இவ்வரிசையில் நடுவில் நிற்கும் வெண்கலத்தை அறவே விடுத்து, கல்லிலிருந்து நேரே இரும்புக்குத் தாவிய உலகம் ஒன்று உண்டு. நம் மாணவர்களுள் பலர் மாலைப் பொழுதெல்லாம் அங்கேதான் வாழ்கின்றனர். சுவீடன் நாட்டு நிரலாளர் மார்க்கஸ் பெர்சன் 2009-இல் பொதுமக்கள் ஆடிப் பார்க்க வெளியிட்டு, 2011 நவம்பரில் முழுமை பெற்ற 'மைன்கிராஃப்ட்' என்னும் கணினி விளையாட்டையே கூறுகின்றேன். மண்ணும் கல்லும் மரமும் சதுரக் கட்டிகளாக அமைந்த அவ்வுலகில், ஆடுவோர் நிலத்தைத் தோண்டுவர், கருவி செய்வர், வீடெழுப்புவர்.

இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். பேராக்கில் உள்ள எங்கள் பள்ளி வேலிக்கு அப்பால் நீர் நிறைந்து கிடப்பது பழைய ஈயக் குட்டை. நம் நாட்டின் பொருளியல் வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "ஐயா, டின் என்று ஓர் உலோகம் உண்மையிலேயே உண்டா? விளையாட்டுக்காக யாரோ சேர்த்தது என்றல்லவா நினைத்தேன்!" என்றான். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. மற்றவர்களும் அவ்வாறே எண்ணியிருந்தனர் போலும். எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது.

ஆயினும் அவன் சொன்னதில் பாதி உண்மை. மைன்கிராஃப்ட்டின் மூல வடிவில் வெள்ளீயம் இல்லை. தொடக்கத்தில் அங்கிருந்த கருவிகள் மரம், கல், இரும்பு, தங்கம், வைரம் ஆகியவற்றால் ஆனவை. எட்டுக் கற்கட்டிகளை அடுக்கி உலை செய்து, விறகையே எரித்து, இரும்புத் தாதை உருக்கிவிடலாம்! மெய்யுலகில் இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். செம்புக்கு 1085 பாகை போதும். வெள்ளீயமோ 232 பாகையிலேயே உருகிவிடும். இவ்வெண்களை நோக்கினாலே எது முன், எது பின் என்பது விளங்கும். இரும்புக்கு வேண்டிய உலைநுட்பத்தை மாந்தன் செம்பையும் வெண்கலத்தையும் உருக்கிய ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கத்தால் எய்தினான். அப்பயிற்சிக் காலத்தையே விளையாட்டு விழுங்கிவிட்டது.

இக்குறையை நிறைவு செய்தவர் ஆடுவோரே என்பதுதான் வியப்பு. 'மோட்' என்று சிறுவர் வழங்கும் துணைநிரல்களை எழுதிப் புதிய தாதுக்களையும் கலவைகளையும் கருவிகளையும் தாமே சேர்த்தனர். 2013-இல் வெளிவந்த 'டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட்' என்பது அவற்றுள் புகழ்பெற்றது. அதில் செங்கல் அடுக்கிப் பெரிய உருக்குலை அமைத்து, உலோகங்களை ஒன்றாகக் கலந்து, அச்சில் வார்த்துக் கருவியின் தலையையும் பிடியையும் தனித்தனியே செய்து பொருத்தலாம். மூன்று பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம் என்பது அதன் விதியாக இருந்தது.

இவ்விடத்தில் ஆசிரியனாகிய எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நான்கில் ஒரு பங்கு என்பது எடைக்கணக்கிலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. அவ்வளவு ஈயம் கலந்த வெண்கலம் இனிய ஓசை தரும். ஆனால் நொறுங்கும் தன்மையது. கோயில் மணி வார்க்க ஏற்ற கலவை அது. பாறையைப் பிளக்கும் கோடரிக்கு ஏற்றதன்று. எங்கள் பள்ளியின் பழைய மணியைத் தட்டிக் காட்டி இதனை விளக்கியபோது, "அப்படியானால் நாங்கள் மணியை வைத்தா மலையைத் தோண்டினோம்?" என்று கேட்டான் அம்மாணவன். ஆம் என்றேன்.

'டெர்ராஃபர்மாகிராஃப்ட்' என்னும் மற்றொரு துணைநிரலை இயற்றியோர் இவ்வகையில் கண்டிப்பானவர்கள். அங்கே கல்லைச் சில்லுச் சில்லாக உடைத்துத்தான் முதற்கருவி செய்ய வேண்டும். ஆற்றோரம் தட்டில் மணலை அரித்துத் தாதுத் துணுக்குகளைச் சேர்த்து, களிமண் கலத்தில் இட்டுக் குழிச்சூளையில் உருக்கி, மண் அச்சில் வார்க்க வேண்டும். நூற்றில் எட்டுப் பங்கு முதல் பன்னிரண்டு பங்கு வரை வெள்ளீயம் இருந்தால்தான் வெண்கலம் கிட்டும். பங்கு பிசகினால் பெயரறியா உலோகம் ஒன்று கைக்கு வரும். அதனால் ஒரு பயனும் இல்லை. இரும்பு உலை கட்டுவதற்கே வெண்கலத் தகடு தேவை. அவ்வுலையிலும் இரும்பு நீராய் உருகி ஓடாது. கசடு கலந்த கட்டியாய்த் திரண்டு நிற்கும். அதனைப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தே தேனிரும்பாக்க வேண்டும். பண்டைக் கொல்லர் செய்ததும் இதுவே. தோம்சனின் மூன்று காலங்களையும் படிமுறை தவறாது கடந்தாலன்றி அங்கே எவரும் எஃகைக் காண இயலாது.

பத்துக்கு ஒன்று என்னும் அவ்விகிதத்துக்குக் கடலடியிலேயே சான்று உண்டு. துருக்கி நாட்டின் உளுபுருன் முனையருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் 1982-இல் கண்ட கப்பற் சிதைவு கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. 1984 முதல் 1994 வரை அதனை அகழ்ந்தனர். சரக்கில் ஏறத்தாழப் பத்து டன் செம்புக் கட்டிகளும், ஏறத்தாழ ஒரு டன் வெள்ளீயமும் இருந்தன. ஒரு பட்டறைத் தொகுதிக்கு வேண்டிய கலவையைக் கணக்கிட்டே ஏற்றியதுபோல் அமைந்த சரக்கு அது. செம்பு பல நாடுகளில் கிடைத்தது, வெள்ளீயமோ அரிது. அதனைத் தேடியே கடலும் பாலையும் கடந்தனர். கிடைக்காத இடங்களிலும், ஈயத்தின் அருமை அறியாத முற்காலத்திலும், நச்சுத்தன்மை மிக்க ஆர்செனிக் கலந்த செம்பையே கருவிக்குக் கொண்டனர்.

மூல விளையாட்டும் மெல்ல அசைந்து கொடுத்தது. 2020 சூனில் 'நெதரைட்' என்னும் கற்பனை உலோகம் வந்தது. பழந்தாதின் நான்கு துண்டும் நான்கு தங்கக் கட்டியும் கூடினால் ஒரு கட்டி நெதரைட் கிடைக்கும். 32 முறை பயன்படுத்தினால் தேய்ந்தழியும் தங்கக் கருவி, கலவையில் புகுந்ததும் 2031 முறை உழைக்கிறதாம்! இதனை வரலாறு என்பதற்கில்லை. கதை என்று விட்டுவிடலாம். 2021 சூனில் செம்பு சேர்ந்தது. கூரையாய் வேய்ந்த செம்பு நாட்பட நாட்படப் பசுமை பூத்துக் களிம்பேறுவதை அழகுறக் காட்டினார்கள். ஆனால் அதனால் கோடரி செய்ய முடியவில்லை. 2025 செப்டம்பர் 30 அன்றுதான் செம்புக் கருவிகள் வந்தன. கற்கருவி 131 முறையும் இரும்புக் கருவி 250 முறையும் உழைக்கும். செம்புக்கு 190 என வகுத்தனர். கல்லுக்கும் இரும்புக்கும் இடையே செம்பு தன் இடத்தைப் பெற்றுவிட்டது. ஆல்ப்சு மலைப் பனியில் 1991-இல் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதனின் அருகில் இருந்த கோடரியும் ஏறக்குறையத் தூய செம்பே. வெள்ளீயமும் வெண்கலமும் மட்டும் மூல விளையாட்டுக்குள் நுழையவில்லை. அவை இன்னும் துணைநிரலாளர் கையில்தான் உள்ளன.

பள்ளி விடுமுறைக்கு முன் மாணவர்களைத் தஞ்சோங் துவாலாங்கிற்கு அழைத்துச் சென்றேன். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய ஈயக் கப்பல் அங்கே காட்சிக்கு நிற்கிறது. உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்த 1985-க்குப் பின் இத்தகைய கப்பல்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் மலையைக் குடைந்து எடுத்தது குறைவு. ஆற்று வண்டலோடு கலந்து கிடந்த தாதே மிகுதி என்று விளக்கினேன். நான் சிறுவனாக இருந்தபோது சீனப் பெண்கள் முழங்காலளவு நீரில் நின்று, 'டுலாங்' என்னும் அகன்ற மரத்தட்டைச் சுழற்றி மணலரித்ததைக் கண்டிருக்கிறேன். அதையும் கூறினேன்.

அம்மாணவன் என் கையில் இருந்த டுலாங் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். "இந்தத் தட்டு எனக்குத் தெரியும் ஐயா. ஆற்றோரச் சரளையில் அரித்தால்தான் டின் வரும், புல்தரையில் வராது" என்றான். பிறகு கப்பலின் வாளிகளை ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினான்.