நைலானும் ரப்பரும் இணைவது எப்படி? மாட்டுங்கா வகுப்பறைக்கும் தாராவி பட்டறைக்கும் ஒரே கேள்வி

மும்பை:
தாராவியின் 13ஆம் காம்பவுண்ட் பகுதியில் உள்ள பிளாஸ்டிக் மறுசுழற்சிப் பட்டறைகளில் முதல் வேலை உருக்குவதன்று, பிரிப்பதே. தொழிலாளர்கள் ஒவ்வொரு துண்டையும் வளைத்தும், கொளுத்தி முகர்ந்தும், நீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா எனப் பார்த்தும் இனம் காண்கின்றனர். இனம் தவறி உருக்கிய பிளாஸ்டிக்கிலிருந்து கிடைக்கும் ‘தானா’ எனும் குருணை எளிதில் முறியும். அதன் விலையும் சரியும்.

அது ஏன் முறிகிறது என்பதற்கான விடை, சிறிது தொலைவில் மாட்டுங்காவில் உள்ள இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தின் பாடங்களில் ஒன்று. 1933 அக்டோபர் 1 அன்று மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய இந்நிறுவனம், 1943இல் மாட்டுங்கா வளாகத்துக்கு வந்தது. 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பாலிமர் மற்றும் மேற்பரப்புப் பொறியியலுக்கென அங்குத் தனித்துறை உள்ளது. கலவாத இரு பொருட்களைக் கலக்க வைக்கும் கலைக்கு, நைலான்–ரப்பர் கலவை ஒரு தேர்ந்த எடுத்துக்காட்டு.

நைலான் வலிமையானது, வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்கும். ஆனால் அதில் ஒரு சிறு வெட்டு விழுந்துவிட்டால், குறிப்பாக ஈரமின்றி உலர்ந்த நிலையில், ஓர் அடியில் முறிந்துவிடும். வெட்டிட்ட துண்டைச் சுத்தியலால் அடித்துச் சோதிக்கும் ஐசோட் முறையில், உலர்ந்த நைலான் மீட்டருக்குச் சுமார் 50 ஜூல் ஆற்றலையே தாங்குகிறது. அடியை உள்வாங்க ரப்பரைச் சேர்க்கலாம் என்பது எவருக்கும் தோன்றும் யோசனை. சேர்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

நைலான் மூலக்கூறுகள் நீரை ஈர்ப்பவை. ரப்பர் எண்ணெயின் இனம். உருகிய நிலையில் ரப்பர் பெரிய துளிகளாகத் திரள்கிறது. ஆறிய பின் துளிக்கும் நைலானுக்கும் இடையே பிடிப்பு இராது. விரிசல் அந்த எல்லை வழியாகவே ஓடிவிடும்.

இதற்கான தீர்வு 1970களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வணிக வடிவம் பெற்றது. எத்திலீன்–புரொப்பிலீன் வகை ரப்பரின் சங்கிலியில் மேலிக் அன்ஹைட்ரைடு என்ற சிறு மூலக்கூறை ஒட்டவைத்தனர். அதன் அளவு எடையில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நைலான் சங்கிலியின் நுனியில் அமீன் தொகுதி உண்டு. இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் இரண்டும் உருகிச் சந்திக்கும் ஓரிரு நிமிடங்களிலேயே அன்ஹைட்ரைடும் அமீனும் வினைபுரிந்து பிணைகின்றன. ஒரு முனை நைலானாகவும் மறுமுனை ரப்பராகவும் உள்ள புதிய மூலக்கூறுகள் எல்லையில் அமர்ந்து, துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் தடுக்கின்றன. துளிகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவையாகின்றன. 20 விழுக்காடு அளவு ரப்பர் சேர்த்த இத்தகைய நைலான், அதே சோதனையில் 800 ஜூலுக்கு மேல் தாங்கவல்லது.

பிடிப்பு மட்டும் போதாது என்பதை அதே நிறுவனத்தின் சூஹெங் வூ 1985இல் காட்டினார். அண்டைத் துளிகளுக்கு இடையே உள்ள நைலான் சுவரின் தடிமன் சுமார் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழ் இறங்கும்போதே கலவை முறியும் குணத்தை விட்டு அடி தாங்கும் குணத்துக்கு மாறுகிறது. அடி விழும்போது துளிகளுக்குள் நுண்வெற்றிடங்கள் உண்டாகி, இடையிலுள்ள மெல்லிய சுவர்கள் இழுபட்டு ஆற்றலை உறிஞ்சுகின்றன. உடைந்த இடம் வெளுத்துத் தெரிவதும் இதனால்தான். விலையின்றி இது கிடைப்பதில்லை. விறைப்பும் இழுவலிமையும் கணிசமாகக் குறையும்.

இந்தியாவிலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன. 1990களில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் நைலான்–நைட்ரைல் ரப்பர் கலவைகளும், காரக்பூர் ஐஐடியில் நைலான்–அக்ரிலேட் ரப்பர் கலவைகளும் ஆராயப்பட்டன. கேரளமும் கன்னியாகுமரியும் விளைவிக்கும் இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு எளிதில் பொருந்துவதில்லை. நைலான் 6 உருகுவது சுமார் 220 டிகிரி செல்சியஸில். அந்த வெப்பத்தில் இயற்கை ரப்பர் சிதையத் தொடங்கிவிடும். டயரில் மட்டும் கதை வேறு. சென்னையை அடுத்த மணலியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் தயாரிப்பது போன்ற நைலான் நூல்துணி, ரிசார்சினால்–ஃபார்மால்டிஹைடு பிசினும் ரப்பர் பாலும் கலந்த கரைசலில் தோய்க்கப்பட்ட பிறகே ரப்பரோடு ஒட்டுகிறது. அங்கே இரண்டும் கலப்பதில்லை, ஒட்டுவது மட்டுமே.

தாராவி போன்ற இடங்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பழைய மீன்வலை, கயிறு ஆகியவற்றின் நைலானிலும் அமீன் நுனிகள் எஞ்சியிருப்பதால், அன்ஹைட்ரைடு ஒட்டிய ரப்பர் அதனோடும் வினைபுரியும். ஆனால் உப்பும் மணலும் போகக் கழுவி, உருக்கும் முன் நன்கு உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் நைலான் சங்கிலியே அறுபடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயர்த் தூளைச் சேர்ப்பது பலன் தராது. வல்கனைஸ் செய்யப்பட்ட ரப்பர் உருகாது, நுண்துளியாகப் பிரியவும் செய்யாது. நூறு மைக்ரோமீட்டர் அளவிலான துகள் ஒவ்வொன்றும் நைலானுக்குள் ஒரு புது வெட்டாகவே அமையும்.