ஒரு பைசாவில் வளர்ந்த நம்பிக்கை



ஓட்டப்பிடாரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வ.உ.சி. பிறந்த ஊர். 1906-இல் தூத்துக்குடியில் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் ஒரு பங்கின் விலை 25 ரூபாய். அடுத்த ஆண்டு, 1907 ஜூன் 19 புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அன்று ரூபாய்க்கு 64 பைசா. கப்பல் பங்கு ஒன்றின் விலையில் இந்த இதழை முப்பது ஆண்டு வாங்கிவிடலாம். சாதியைக் கைவிடாதவர்கள் பேசும் சுதேசியம் யாருக்கானது என்று அந்த இதழ் விடாமல் கேட்டது.

முகம் பார்த்திராதவர்கள் எப்படி ஒருவரை ஒருவர் நம்பி ஒரு சமூகமாகிறார்கள்? முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்தபின் எழுந்ததாக நாம் நினைக்கும் இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் அன்றே விடை கண்டிருந்தார்கள். கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று பிழைக்கப் போன இடங்களிலெல்லாம் பண்டிதருக்கு வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் கேள்வி எழுதினார்கள். இதழில் பதில் வந்தது. ஓராண்டு கழிந்ததும் வாசகர் வேண்டுகோளை ஏற்று இதழின் பெயர் ‘தமிழன்’ என்று மாறியது. பத்திரிகையின் பெயரையே மாற்றும் உரிமை வாசகருக்கு இருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1914-இல் பண்டிதர் மறைந்தார். 1920களில் கோலாரிலிருந்து அப்பாதுரையார் அந்த இதழை மீண்டும் நடத்தினார். பழைய இதழ்களை அரசு நூலகம் காக்கவில்லை; அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காத்தார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்கவும், 1999-இல் நம் பக்கத்துப் பாளையங்கோட்டையிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவரவும் முடிந்தது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீசார் கொடியன்குளத்தில் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூலை 31-இல்தான், கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நாட்டின் முதல் கைபேசி அழைப்பு போயிருந்தது. கொடியன்குளத்தில் படம் எடுக்கக் கைபேசி இல்லை. பாதிக்கப்பட்டவர்கள், கேட்க வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999-இல் வெளியிட்ட அறிக்கையில் அந்தச் சிற்றூரின் பெயர் பதிவாகியிருக்கிறது.

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அன்று எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் அரசு இணையத்தைத் துண்டித்தது. ஓர் உத்தரவில் நம் குழுக்கள் அத்தனையும் மௌனமாகின. அப்படிப்பட்ட நாளில் குழுவில் இருக்கும் எத்தனை பேரின் வீடு நமக்குத் தெரியும்? எத்தனை பேர் நம்மைத் தேடி வருவார்கள்?

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஊடகங்கள் கேட்காத குரல்களைத் ‘தலித் கேமரா’ யூடியூபில் பதிவு செய்தது. ஆனால் சாதிப் பெருமை பேசும் காணொளிகளும் அதே கைபேசியில்தான் ஓடுகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். இந்தச் சூழலில் உண்மையா என்று பார்க்காமல் நாம் அனுப்பும் ஒரு செய்தி, அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

ஆகவே இளைஞர்களிடம் மூன்று கேட்கிறேன். கேள்வி கேட்டவருக்குப் பதில் எழுதுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் சொன்ன இடத்திலேயே திருத்துங்கள். நம் ஊர்களில் நடப்பதைத் தேதியோடும் இடத்தோடும் எழுதி, கைபேசிக்கு வெளியேயும் ஒரு படி வையுங்கள். கொடியன்குளத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு வயதாகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டோடு அவர்களிடம் போய் உட்காருங்கள்.