தகர டப்பாவுக்கு வரி போட்ட கதை

"அமெரிக்காவுல இரும்புக்கு 50% வரியாமே சார். அந்த வரிய யாரு கட்டுவாங்க? நாமளா, அவங்களா?"

ஓபியில் பிபி மாத்திரை வாங்க வந்த லேத் பட்டறை அண்ணன் ஒருவர் கேட்டார். பின்னால் நீண்ட வரிசை. "அடுத்த தடவை வரும்போது சொல்றேண்ணே" என்று அனுப்பிவிட்டேன்.

அவருக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 2025 நிலவரம்.

2018ல் டிரம்ப் இறக்குமதி ஸ்டீலுக்கு 25%, அலுமினியத்துக்கு 10% வரி போட்டார். 2025 மார்ச்சில் இரண்டுக்கும் 25%. ஜூன் 4 முதல் பெரும்பாலான நாடுகளுக்கு 50%. அதே ஜூன் மாதம் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றில் இருக்கும் ஸ்டீலுக்கும் வரி வந்துவிட்டது.

டிரம்ப் அடிக்கடி புகழும் ஒரு பழைய ஜனாதிபதி உண்டு. பெயர் வில்லியம் மெக்கின்லி. 2025ல் பதவியேற்ற அன்றே, டெனாலி சிகரத்துக்கு மறுபடியும் மெக்கின்லி பெயரை வைக்க உத்தரவு போட்டார் டிரம்ப்.

யார் இந்த மெக்கின்லி? சுமார் 135 வருடம் பின்னால் போவோம்.

அன்று அமெரிக்கக் குடும்பங்கள் புழங்கிய டம்ளர், வாளி, உணவு அடைத்து விற்கும் டப்பா எல்லாமே டின் தகட்டில் செய்தவை. மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசினால் அது டின் தகடு. நம்ம ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதே வேலைதான். துருப்பிடிக்காது.

இரும்பு உற்பத்தியில் பிரிட்டனையே முந்திக்கொண்டிருந்த அமெரிக்கா, இந்தத் தகட்டை மட்டும் கிட்டத்தட்ட முழுவதும் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. லனெல்லி, ஸ்வான்சீ என்று ஊர் ஊராக இதை நம்பியே ஆலைகள்.

ஏன் அமெரிக்காவால் செய்ய முடியவில்லை?

இங்கேதான் ஒரு வேடிக்கை. அமெரிக்கா தன் இரும்பு ஆலைகளைக் காப்பாற்ற இறக்குமதி இரும்புக்கு ஏற்கெனவே கனமான வரி போட்டிருந்தது. அதனால் உள்நாட்டில் இரும்பு விலை அதிகம். அந்த விலைக்கு இரும்பை வாங்கித் தகடு செய்தால், வேல்ஸ் தகட்டோடு போட்டி போட முடியாது.

டின் தகட்டுக்கான வரியோ குறைவு. அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். 1864ல் போட்ட வரிச் சட்டத்தில் ஒரு காற்புள்ளி தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று கருவூலத் துறை முடிவு செய்தது. அந்த ஒரு புள்ளியால் டின் தகடு உயர்ந்த வரியிலிருந்து தப்பித்தது. ப்ரிஸ்கிரிப்ஷனில் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். வரிச் சட்டத்திலும் அப்படித்தான் போல.

1890ல் எம்.பி.யாக இருந்த மெக்கின்லி இதை மாற்றினார். அவர் பெயரிலேயே வந்த சட்டம், டின் தகட்டு வரியை பவுண்டுக்கு 1 சென்ட்டிலிருந்து 2.2 சென்ட் ஆக்கியது. 1891 ஜூலை 1 முதல் அமல்.

கவனியுங்கள். இரும்பு வரி என்பது முதல் மாத்திரை. தகட்டுத் தொழில் வளராமல் போனது அதன் பக்கவிளைவு. மெக்கின்லி முதல் மாத்திரையை நிறுத்தவில்லை. பக்கவிளைவுக்கு இரண்டாவது மாத்திரை எழுதினார்.

மாத்திரை வேலை செய்ததா? செய்தது. பென்சில்வேனியாவிலும் இண்டியானாவிலும் புதுசு புதுசாக ஆலைகள் வந்தன. பத்தே வருடத்தில் தனக்குத் தேவையான தகட்டில் பெரும்பகுதியை அமெரிக்காவே செய்துகொண்டது. இதை மறைக்கக் கூடாது.

ஆனால் பில்லை யார் கட்டினார்கள்?

வேல்ஸில் ஆலைகள் மூடப்பட்டன. வேலை போன தொழிலாளிகள் பலர் கப்பல் ஏறி, அதே அமெரிக்க ஆலைகளுக்கே வேலைக்குப் போனார்கள். சொந்த ஊரின் தொழிலை அழித்த ஊருக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கப் போன நிலை!

அமெரிக்க மக்களோ டம்ளருக்கும் டப்பாவுக்கும் கூடுதல் விலையைப் பயந்தார்கள். 1890 நவம்பர் தேர்தலில் மெக்கின்லியின் கட்சி படுதோல்வி. தொகுதி எல்லையும் மாற்றப்பட்டிருந்ததால் அவரே தோற்றுப் போனார்.

1898ல் அமெரிக்கத் தகட்டு ஆலைகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே கம்பெனிக்குள் போய்விட்டன. வெளிநாட்டுச் சரக்குக்கு வரிச் சுவர். உள்நாட்டில் போட்டிக்கு ஆளில்லை. விலையை நிர்ணயிப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டக்ளஸ் இர்வின் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மெக்கின்லி வரி இல்லாமல் இருந்திருந்தாலும், உள்நாட்டு இரும்பு விலை இறங்கியதும், சுமார் பத்து வருடம் தள்ளி இந்தத் தொழில் வந்திருக்கும். வரியால் கிடைத்த லாபத்தைவிட நாடு கொடுத்த விலை அதிகம். இதுதான் அவர் முடிவு.

மெக்கின்லி 1896ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். 1901 செப்டம்பர் 5, பஃபலோ நகரக் கண்காட்சியில் பேசினார். உலகத்தை ஒதுக்கிவிட்டு வாழ முடியாது, மற்ற நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் வேண்டும் என்றார். வரிச் சுவர் எழுப்பியவரே கதவைத் திறக்கச் சொன்னார்!

மறுநாளே அவரைச் சுட்டுவிட்டார்கள். கிடைத்த சர்ஜன் ஒரு மகப்பேறு நிபுணர். வெளிச்சம் போதாமல் கண்ணாடியில் வெயிலைத் திருப்பி ஆபரேஷன் செய்தார்கள். அதே கண்காட்சியில் எக்ஸ்ரே மெஷின் இருந்தது, ஆனால் அவருக்குப் பயன்படுத்தவில்லை. சில நாள் தேறுவது போலத் தெரிந்தது. குண்டு போன பாதையில் உள்ளே சதை அழுகி, செப்டம்பர் 14ல் இறந்தார்.

டிரம்ப் புகழ்வது 1890ன் மெக்கின்லியை. 1901ன் மெக்கின்லியை அல்ல.

சரி, இன்றைக்கு வருவோம். ஸ்டீலுக்கு வரி போட்டால் ஸ்டீல் வாங்கி ஃப்ரிட்ஜ் செய்யும் அமெரிக்க ஆலைக்குச் செலவு ஏறும். வெளிநாட்டு ஃப்ரிட்ஜ் மலிவாகத் தெரியும். உடனே ஃப்ரிட்ஜுக்கும் வரி. மறுபடியும் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை!

அண்ணே, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். கஸ்டம்ஸில் முதலில் காசு கட்டுவது அங்கே சரக்கை இறக்கும் அமெரிக்க வியாபாரி. பிறகு கொஞ்சத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவார். கொஞ்சத்தை "விலையக் குறைச்சுக் கொடு" என்று விற்பவர் தலையில் கட்டுவார். நீங்கள் செய்யும் பாகம் அந்தப் பக்கம் போனால், ஆர்டர் குறையும்போது நீங்களும் ஒரு பங்கு கட்டுகிறீர்கள். ரசீது மட்டும் வராது.

இப்போதைக்கு உப்பைக் குறையுங்கள், பிபி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.