சிறுதொழிலுக்கு ஒரு மின்னஞ்சல் பட்டியல்: சேர்ப்பதும் காப்பதும்

மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, பனையோலைப் பெட்டி என்று வடக்கு கிழக்கில் வீட்டோடு நடக்கும் சிறுதொழில்களின் வாடிக்கையாளர்கள் ஊரில் மட்டும் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தபோது இரண்டு கிலோ தூள் வாங்கிச் சென்றவருக்கு அது பிடித்துப் போகிறது. முடிந்ததும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அங்குள்ள கடையில் கிடைப்பதை வாங்கிவிடுகிறார். அவரைத் திரும்பத் தேடிப் பிடிக்கும் வழி தொழில் செய்பவரிடமும் இல்லை. பேஸ்புக் பக்கத்தை ஆயிரம் பேர் விரும்பியிருக்கலாம். ஆனால் அந்த ஆயிரம் பேரின் விபரம் இருப்பது அந்த நிறுவனத்திடம்தான்.

இந்த இடைவெளியை நிரப்பக் கூடிய எளிய கருவி, வாடிக்கையாளர் விரும்பித் தந்த மின்னஞ்சல் முகவரிகளின் பட்டியல். அதை எப்படிச் சேர்ப்பது, எப்படி அனுப்புவது, எப்படிப் பாதுகாப்பது என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

ஏன் மின்னஞ்சல்?

2018 மார்ச் மாதம் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஆர்ப்பாட்டங்களைத் தடுப்பதற்காகவும் சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் சொந்தக் கோளாறினால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6 மணி நேரம் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இயங்கவில்லை. வட்ஸ்அப் ஒன்றையே நம்பித் தொழில் செய்தவர்களுக்கு அந்த நேரங்களில் வாடிக்கையாளருடன் தொடர்பே இல்லாமல் போனது. முடக்கப்பட்டவற்றுள் மின்னஞ்சல் இருக்கவில்லை. மின்னஞ்சல் ஒரு நிறுவனத்தின் சொத்து அல்ல. ஒரு சேவை பிடிக்காவிட்டால் பட்டியலை எடுத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போகலாம்.

அதற்காக எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கு மாற்றத் தேவையில்லை. பக்கத்து ஊர் வாடிக்கையாளருக்குத் தொலைபேசி அழைப்பே போதும். தூரத்தில் இருப்பவருக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் வாங்குபவருக்குமே மின்னஞ்சல் அதிகம் பயன்படும்.

பெயர் கேட்பது சிறிய விடயமல்ல

போர்க்காலத்திலும் அதன் பின்னரும் முகாம்களிலும் சோதனைச் சாவடிகளிலும் பெயர், முகவரி, குடும்ப விபரம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் எம்மவர்கள். அந்தத் தாள்கள் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்பது பலருக்கு இன்றும் தெரியாது. ஆகவே "உங்கள் விபரத்தை எழுதிவிட்டுப் போங்கள்" என்றவுடன் ஒருவர் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை மதிப்பதிலிருந்துதான் நல்ல பட்டியல் தொடங்குகிறது.

மின்னஞ்சல் முகவரி, அழைக்கும் பெயர், விரும்பும் மொழி ஆகிய மூன்றும் போதும். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, சொந்த ஊர், குடும்ப விபரம் எதுவும் வேண்டாம். சேர்க்காத விபரத்தை யாரும் திருடவும் முடியாது, கேட்டு வாங்கவும் முடியாது.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். உதாரணமாக: "புதிதாக இடித்த தூள் தயாரானதும் மாதம் ஒருமுறை அறிவிப்போம். வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், நிறுத்திவிடுவோம். உங்கள் முகவரியை வேறு எவருக்கும் கொடுக்கமாட்டோம்."

எங்கே, எப்படிச் சேர்ப்பது?

பொதியோடு வைக்கும் சிறு அட்டை, பற்றுச்சீட்டின் அடிப்பகுதி, போத்தலில் ஒட்டும் லேபலில் ஒரு கியூஆர் குறியீடு ஆகியவை செலவு குறைந்த இடங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருவோர் அதிகம். அங்கும் கண்காட்சிகளிலும் கடை போடுபவர்கள் ஒரு கொப்பியைத் திறந்து வைத்து எல்லோரையும் எழுதச் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் அடுத்து வருபவர் முன்னவரின் விபரத்தை வாசித்துவிடுவார். தனித்தனித் துண்டுகளில் எழுதுவித்து மூடிய பெட்டியில் போடுவது நல்லது.

பழைய மாணவர் சங்கம், ஆலயம், ஊர் ஒன்றியம் போன்றவற்றின் பட்டியலை யாரிடமாவது வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. அவர்கள் முகவரி தந்தது வேறு நோக்கத்துக்கு. கேட்காமல் வரும் மடலை அவர்கள் ஸ்பாம் என்று குறித்தால், விரும்பிச் சேர்ந்தவருக்கு அனுப்பும் மடலும் ஸ்பாம் பெட்டிக்குள் போகத் தொடங்கும்.

முகவரி கிடைத்ததும், "உண்மையில் நீங்கள்தானா? ஆம் என்றால் இதை அழுத்துங்கள்" என்று ஓர் உறுதிப்படுத்தும் மடல் அனுப்புங்கள். எழுத்துப்பிழையான முகவரிகளும், ஒருவர் விளையாட்டாக இன்னொருவருக்காகக் கொடுத்தவையும் இதில் கழிந்துவிடும். அவர் எந்தத் திகதியில், எந்த வழியாகச் சம்மதித்தார் என்பதையும் குறித்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மடல் போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். கனடாவின் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் 2014 யூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி சம்மதம் வேண்டும், அனுப்புபவரின் பெயரும் தபால் முகவரியும் மடலில் இருக்க வேண்டும், விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். ஒருவர் பொருள் வாங்கியிருந்தால் 2 ஆண்டுகளுக்கு அவருடைய சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். சம்மதம் பெற்றதை நிரூபிக்க வேண்டியவர் அனுப்பியவரே. அவுஸ்திரேலியாவில் விலகலுக்கான காலம் 5 வேலை நாட்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. தன் விபரத்தை அழித்துவிடும்படி கேட்கும் உரிமையை அது தருகிறது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. கேட்டுச் சேர்ப்பது, கேட்டதும் நீக்குவது என்ற இரண்டையும் ஒழுங்காகச் செய்பவர் இவற்றின் பெரும்பகுதியைப் பின்பற்றியவராவார்.

அனுப்பும்போது

சிலர் எல்லா முகவரிகளையும் "டூ" அல்லது "சிசி" கட்டத்தில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய முகவரியும் தெரிந்துவிடுகிறது. தான் இருக்கும் நாட்டை, ஏன் தன் பெயரைக்கூட, வெளியில் தெரியவிடாமல் வாழும் உறவுகள் எங்களுள் இருக்கிறார்கள். இந்த ஒரு பிழை அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடும். சாதாரண ஜீமெயிலிலிருந்து அனுப்புவதானால் முகவரிகளை எப்போதும் "பிசிசி" கட்டத்திலேயே இடுங்கள்.

இலவச ஜீமெயிலில் நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. பட்டியல் நூறைத் தாண்டும்போதே மெயில்ச்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட் போன்ற சேவை ஒன்றுக்கு மாறுவது நல்லது. ஒவ்வொருவருக்கும் தனி மடலாக அனுப்புவதையும் விலகல் இணைப்பைச் சேர்ப்பதையும் அவை தாமாகவே செய்யும். இலவசமாக எவ்வளவு அனுப்பலாம் என்பது அடிக்கடி மாறுவதால் சேருமுன் பாருங்கள். சொந்த இணையப் பெயரிலிருந்து அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் செய்து தரும்படி இணையத்தளம் அமைத்தவரிடம் கேளுங்கள். அந்த மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதற்கான அத்தாட்சி அவை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜீமெயிலும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கின்றன.

என்ன எழுதுவது, எப்போது?

மாதம் ஒரு மடல் போதும். என்ன தயாராக இருக்கிறது, என்ன விலை, எத்தனை நாளில் போய்ச் சேரும், எப்படிக் கட்டளையிடுவது என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததை அப்படியே ஒட்டினால் வாங்குபவரின் கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யுனிகோட்டில் மட்டும் எழுதுங்கள். அம்மாவுக்காகக் கட்டளையிடும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் கீழே நான்கு வரி ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இங்கு மாலை 6 மணிக்கு அனுப்பினால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை 8.30, லண்டனில் பிற்பகல் 1.30.

மே 18, நவம்பர் 27 ஆகிய நாட்களிலும் அவற்றை ஒட்டிய நாட்களிலும் விலைக்கழிவு மடல் அனுப்பாதீர்கள். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த மடல்கள் அந்த நாட்களில் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல், வேலை செய்யும் பெண்களின் இழப்பையும் படத்தையும் விளம்பரமாக்க வேண்டாம். இரக்கத்தில் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். தூள் நன்றாக இருந்தால் மறுமுறையும் வாங்குவார்.

களையெடுப்பும் காவலும்

முகவரியே இல்லை என்று திரும்பி வந்த மடல்களின் முகவரிகளை உடனே நீக்குங்கள். பெட்டி நிறைந்திருப்பது போன்ற தற்காலிகக் காரணம் என்றால் இரண்டு மூன்று முறை பார்க்கலாம். ஓராண்டாக வாங்காமலும் பதில் எழுதாமலும் எந்த இணைப்பையும் அழுத்தாமலும் இருப்பவருக்கு, "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று ஒரு மடல் போடுங்கள். பதில் இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். "திறந்து பார்த்தார்" என்ற கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2021இல் அப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், வாசிக்காத மடலும் திறந்ததாகக் காட்டப்படலாம். விலகியவர்களின் முகவரிகளைத் தனியாகக் குறித்து வைத்தால் தவறுதலாக மீண்டும் சேர்க்கமாட்டீர்கள்.

பட்டியல் உள்ள கணக்குக்கு இரு படிநிலைப் பாதுகாப்பை இயக்குங்கள். மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, கடவுச்சொல் இட்டு வையுங்கள். வேலையை விட்டுச் சென்றவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள். காகிதத் துண்டுகளைப் பதிவு செய்தபின் எரித்துவிடுங்கள்.

நல்ல காரியத்துக்கு என்று சொல்லியும் சிலர் பட்டியலைக் கேட்பார்கள். தேர்தலில் நிற்பவர், நிதி சேர்ப்பவர், இன்னொரு வியாபாரி என எவராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். அவர்களின் செய்தி முக்கியமானது என்று நினைத்தால், வாடிக்கையாளரிடம் கேட்டு, விரும்பியவர் தாமாகத் தொடர்புகொள்ள விடுங்கள். தொழிலை நிறுத்துவதானால் கடைசியாக ஒரு நன்றி மடல் அனுப்பிவிட்டுப் பட்டியலை அழித்துவிடுங்கள்.

தொடங்குவதற்குப் பெரிய எண்ணிக்கை தேவையில்லை. சென்ற ஆண்டு உங்களிடம் வாங்கியவர்களில் முப்பது பேரைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் கேளுங்கள். இருபது பேர் ஆம் என்றாலே முதல் மடலை அனுப்பலாம்.