வீட்டுக்குள் பெயின்ட் அடிக்கும்போது மீன் தொட்டியைக் காப்பது எப்படி?

போர் முடிந்த மறுவருடம் அக்காவும் மகனும் செட்டிகுளம் முகாமிலிருந்து வட்டகொடைக்கு, எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதிகம் பேசாத பிள்ளை. குளிரைத் தாங்கும் என்று கடையில் சொன்னதால், ஹட்டனிலிருந்து நான்கு தங்கமீன்களும் ஒரு கண்ணாடித் தொட்டியும் அவனுக்கு வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் தொட்டியின் முன்னால்தான் இருப்பான்.

அந்தத் தீபாவளிக்கு முன் காம்பராவுக்குப் பெயின்ட் அடித்தேன். கதவுக்கும் ஜன்னலுக்கும் எனாமல். வெளியே மழை. எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு அடுத்த அறையில் படுத்தோம். விடியும்போது நான்கு மீன்களும் மிதந்தன. அவன் யாரையும் குறை சொல்லவில்லை. தொட்டியைக் கழுவி இஸ்தோப்பில் கவிழ்த்து வைத்தான்.

தவறு என்னுடையது. பிறகு கேட்டும், படித்தும், செய்துபார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வாசம் தண்ணீருக்குள் போவது எப்படி?

எனாமல் பெயின்ட்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் ஆவியாகி அறைக் காற்றில் கலக்கின்றன. எயார் பம்ப் அதே காற்றை இழுத்து, குமிழிகளாகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. நாம் மூடிய அறைக்குள் நஞ்சை இரவு முழுக்கப் பம்ப் பண்ணியிருக்கிறோம். தண்ணீரில் கலக்கும் இமல்ஷனில் வாசம் குறைவு. ஆனாலும் பலவற்றில் அமோனியாவும் பூஞ்சணக் கொல்லிகளும் இருப்பதால் அதையும் முழுதாக நம்ப முடியாது.

பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பொலித்தீனால் இறுகக் கட்டுவதும் பிழை. தண்ணீர் ஒட்சிசனைப் பெறுவது மேற்பரப்பில்தான். அதை அடைத்துவிட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

தொட்டியை நகர்த்த முடியுமானால்

தண்ணீரோடு தூக்காதீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் 56 லீற்றர் வரை பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ. தூக்கினால் கண்ணாடியின் ஒட்டு விடும். சவர்க்காரமோ பெயின்ட்டோ படாத வாளியில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, மீன்களை அதில் விட்டு வேறு அறைக்கோ அயல் வீட்டுக்கோ கொண்டுபோங்கள். வாளியிலும் பம்ப் ஓட வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் காயவிடாமல் அதே தண்ணீரில் வையுங்கள். கழிவை முறிக்கும் நல்ல பக்டீரியா அதில்தான் வாழ்கிறது.

நகர்த்த முடியாவிட்டால்

எயார் பம்பை அறைக்கு வெளியே, இஸ்தோப்பில் நனையாத இடத்தில் வையுங்கள். நீளமான குழாயால் வெளிக்காற்றைத் தொட்டிக்குள் கொண்டுவாருங்கள். பிறகு தொட்டியைப் பொலித்தீனால் மூடி, ஒரு மூலையில் மட்டும் சின்ன இடைவெளி விடுங்கள். உள்ளே வரும் நல்ல காற்று அந்த வழியாக வெளியேறும்போது அறை வாசம் உள்ளே வருவது குறையும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதாக இருந்தால், தொட்டியை மூடிய பிறகு, ஈரம் பண்ணிச் சுரண்டுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசு பிள்ளைகளுக்கும் ஆகாது. தின்னர் பட்ட கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

எப்போது திறக்கலாம்?

மலைநாட்டுக் குளிரிலும் ஈரத்திலும் பெயின்ட் மெதுவாகத்தான் காயும். நாள் கணக்கை நம்பாமல் மூக்கை நம்புங்கள். ஆனால் உள்ளேயே இருந்தால் மூக்கு வாசத்துக்குப் பழகிவிடும். கால் மணி நேரம் வெளியே நின்றுவிட்டு வந்து பாருங்கள். வாசம் அடித்தால் இன்னும் காத்திருங்கள்.

மீன் தவித்தால்

மேற்பரப்பில் வாய் பிளப்பது, செவுள் வேகமாக அடிப்பது, தடுமாறி நீந்துவது, அடியில் சாய்ந்து கிடப்பது ஆகியவை அடையாளங்கள். உடனே நல்ல காற்றுக்கு வழி செய்து, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பீலித் தண்ணீர் மிகக் குளிராக இருக்கும். முதல் நாளே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்திருந்தால் சூடு ஒத்துவரும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வையுங்கள். மீன் கடையில் விற்கும் கரியை ஃபில்டரில் போட்டால் கரைந்த நஞ்சில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது.

மீனைக் கொல்லும் காற்று மனிதருக்கும் நல்லதல்ல. கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாசம் போகும்வரை வேறு இடத்தில் படுக்க வையுங்கள். குளிரென்றாலும் பெயின்ட் அடித்த அறையின் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அடுத்த தீபாவளிக்கு முன் மருமகனே தொட்டியை நிமிர்த்திவைத்து, "மீன் வாங்குவோமா மாமா?" என்று கேட்டான். வாங்கினோம். பெயின்ட்டும் அடித்தோம். பம்பை இஸ்தோப்பில் உயரக் கட்டியது அவன்தான்.